இருபது மில்லிமீட்டர்

சட்பரியில் ஏப்ரல் முடியும்போதுதான்
கருங்கல்லின் மேல் கிடந்த பனி விட்டுப்போகும்.
விட்டுப்போன அன்றே சைக்கிளை வெளியே எடுத்தேன்.
ரெய்யோ மாக்கினன் விற்ற சைக்கிள்.
அவர் ஆறடி மூன்றங்குலம்.
நான் அவருடைய தோளுக்கு வருவேனோ என்னவோ.
தன் முதுகுக்காக அவர் ஏற்றி வைத்த ஹாண்டில்பார்
என் முன்னால்
மாட்டுக்கொம்பு மாதிரி நின்றது.

மேடு ஏறும்போது முன்சக்கரம்
கேட்பாரற்ற பிள்ளைபோல் அங்குமிங்கும் அலைந்தது.
பிர்ச் வேரொன்றில் தட்டி
மண்ணை விட்டே எழும்பிற்று ஒருமுறை.
இறங்கி உருட்டினேன்.
சுண்டுவிரலும் மோதிரவிரலும்
வீடு வரும்வரை விறைத்தே கிடந்தன.

பிரம்டனிலிருந்து தம்பி சொன்னான்:
"இன்னும் உயர்த்திப் போடு. குனிஞ்சு ஓடினா நாரி பிடிக்கும்."
பிறகு, சைக்கிளைப் பற்றியதல்லாத ஒரு குரலில்,
"குனியக் குனியக் குட்டுவாங்கள், அக்கா."
என் விவாகரத்துப் பத்திரங்கள் அவனுக்கு
ஞாபகம் வந்திருக்கும்.
எனக்கும் வந்தன.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காலை ஆறே முக்காலிலிருந்து
நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால்
கம்பம்போல இருக்கிறேன்.
நிமிர்வதில் யாருக்கும் கடன் வைத்ததில்லை.
சனிக்கிழமைகளில் கொஞ்சம் குனிய வேண்டும்,
எவருக்காகவும் அல்லாமல்.

கடையில் ஜோஸ்லின் கைக்கொரு பென்சில் தந்தாள்.
"கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க. இறுக்க வேண்டாம்."
திறந்து பார்த்தால்
பென்சில்கள் ஒரே கோட்டில் இல்லை.
உள்முனைகள் முன்னே நீள,
வெளிமுனைகள் என் பக்கமாய்ப் பின்வாங்கி
அகலக் கூரை போட்டிருந்தன.
"மணிக்கட்டு கேட்பது இதைத்தான்" என்றாள்.
நாற்பத்தாறு வருஷமாய் அது கேட்டு
எனக்குத்தான் கேட்கவில்லை.

மேசையில் பார்கள்.
பதினாறு பாகை பின்வளைவு,
சூப்பர் மார்க்கெட் வண்டி தள்ளுவதுபோல் இருந்தது.
எழுச்சியே இல்லாத தட்டைப் பார், கறுப்பு, வெகு அழகு.
பிடித்ததும் கழுத்து
மாட்டேன் என்றது.
மூன்றாவதாய் ஒன்று: பன்னிரண்டு பாகை,
எழுச்சி இருபது மில்லிமீட்டர்.
பழையது நாற்பது.
பாதி இறக்கம். நூற்றுப்பத்து டாலர், வரி தனி.

எண்ணூறு மில்லிமீட்டர் அகலம் என் தோளுக்கு அதிகம்.
பக்கத்துக்கு மூன்று சென்றிமீட்டர்
ஜோஸ்லின் அறுத்தாள்.
அலுமினியத் தூள் என் சப்பாத்தில் விழுந்தது.
தண்டுக்கு அடியிலிருந்த வளையங்களில் ஒன்றை
மேலே மாற்றினாள்.
"முள்ளை வெட்ட வேண்டாம் இப்போ.
வெட்டினால் ஒட்டாது.
ஒரு மாதம் ஓடிப் பாருங்க."
வக்கீல் அப்படிச் சொல்லவில்லை.

மறு சனி, அதே மேடு.
முழங்கை தானாய் மடங்கிற்று.
மார்பு முன்னால் போக, பாரம் முன்னால் போக,
சக்கரம் மண்ணைக் கடித்துக்கொண்டு
பிர்ச் வேரின் மேலால் ஏறிற்று
ஒன்றுமே நடக்காததுபோல்.
புளூபெரிப் புதர்கள் முகத்துக்குக் கிட்டே ஓடின.
பாறையின் ஈர வாசனை,
துருப்பிடித்த ஆணியின் வாசனை போன்றது,
முதல்முறை எனக்கு எட்டியது.
இறக்கத்தில் ஒரு பைன் கிளை
தொப்பியை உரசிக்கொண்டு போனது.
நிமிர்ந்திருந்தால் நெற்றியில்தான்.

அடுத்த வளைவில் விழுந்தேன், அது வேறு கதை.
சேற்றில் உட்கார்ந்து விரல்களை எண்ணினேன்.
பத்தும் இருந்தன, பத்தும் பேசின.

இரவு தம்பி கேட்டான், "நாரி?"
"இருக்கு," என்றேன்.

அறுத்த இரண்டு துண்டுகளும்
பேருந்தில் கோப்பை வைக்கிற குழியில் கிடந்து
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிணுகிணுக்கின்றன.
தண்டுக்கு அடியில்
இன்னும் இரண்டு வளையம் இருக்கிறது.